ஃப்ளாப்பிக்கு வைத்த பொட்டு

திண்டிவனம்
12.10.1989, வியாழக்கிழமை

இன்னும் பதினெட்டே நாளில் மணவறையில் உட்காரப்போகிற மாமா கோதண்டபாணி அவர்களின் சமுகத்துக்கு, அக்காள் மகள் செண்பகம் பணிவோடு (சிரிக்காதீர்கள்) எழுதிக்கொண்டது. இங்கே அப்பா, அம்மா, நான், அச்சகத்து எலி வரை அனைவரும் சுகம். நீங்கள் விழுப்புரத்திலிருந்து கொண்டுவந்து நிறுவிய கம்ப்யூட்டருக்கு மட்டும் சுகமில்லை. உங்கள் சுகத்தைப் பற்றி இக்கடிதத்தைப் படித்து முடித்த பிறகு எழுதினால் போதும்.

உங்கள் கல்யாணப் பத்திரிகையைக் கம்ப்யூட்டரில்தான் கோக்க வேண்டும், திண்டிவனத்திலேயே அது முதல் பத்திரிகையாக இருக்க வேண்டும் என்று நீங்கள் ஒற்றைக்காலில் நின்றீர்கள். போன வாரமே முழுசையும் தட்டி, பிழை பார்த்து, சமர்த்தாக மூடிவைத்தேன். செவ்வாய்க்கிழமை காலை அதைத் திறந்தேன் மாமா. முதலில் தமிழ் எழுத்து இருக்கும் ஃப்ளாப்பியைச் செருக வேண்டும், அது கர்ரென்று இருமி எழுத்தையெல்லாம் உள்ளே இறக்கும், அப்புறம்தான் பத்திரிகையைத் திறக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லிக்கொடுத்தபடியே செய்தேன். அது இருமியது. இறக்கத்தான் இல்லை. திரையில் வந்ததைப் பார்த்து நானும் அப்பாவும் திருதிருவென்று விழித்தோம். ‘நிகழும் மங்களகரமான’ இருந்த இடத்தில் ஏணி, கட்டம், கொக்கி, கொம்பு முளைத்த இங்கிலீஷ் ஏ. உங்கள் பெயர் இருந்த இடத்தில் ஒரு சிரிக்கிற மூஞ்சி, அதன் பின்னால் வரிசையாக ஆட்டின், டைமன், கிளாவர், இஸ்பேட். ஆமாம், சீட்டுக்கட்டில் இருக்கிற அதே நாலும்தான். ஞாயிற்றுக்கிழமை உங்கள் ரூமில் ரம்மி ஆடும்போது கையில் விரித்துப் பிடிப்பீர்களே, அதே ஒழுங்கில்.

இதற்குப் பிறகு நடந்த வைத்தியத்தைக் கேளுங்கள். அம்மா, மெஷினுக்குச் சூடு பிடித்திருக்கும் என்று டேபிள் ஃபேனைத் திருப்பிவைத்தாள். அதில் பறந்த பேப்பரைப் பொறுக்கவே அரைமணி ஆனது. அப்பா, தெருக்கோடி டிவி மெக்கானிக் விருத்தாசலத்தைக் கூட்டிவந்தார். அவர் மொட்டைமாடியில் ஏறி, ஆண்டெனா இல்லை என்று கண்டுபிடித்து, அதுதான் கோளாறு என்று சொல்லி இறங்கினார். முப்பது வருஷமாக ஈய எழுத்துக் கோக்கும் நம்ம பெரியதம்பி அண்ணன் ரொம்ப நேரம் திரையையே பார்த்துவிட்டு, “எழுத்துப் பொட்டி கவுந்துகினு கீது பாப்பா. எல்லா அறையும் கலந்துபோச்சு. மூடியத் தொற, சாயங்காலத்துக்குள்ள பொறுக்கி அடுக்கிட்றேன்” என்றார். கையில் முறத்தோடு சொன்னார் மாமா. உள்ளே எழுத்தே இல்லை, எல்லாம் கரண்டு என்றேன். கரண்டை வைத்து எவனாவது பத்திரிகை அடிப்பானா என்று என்னைத்தான் முறைத்தார்.

அப்புறம்தான் நான் அந்த ஃப்ளாப்பியை வெளியே இழுத்துப் பார்த்தேன். திங்கட்கிழமை ஆயுதபூஜை அல்லவா? மெஷின், கத்தரிக்கோல், பசைக்கிண்ணம் என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். ஃப்ளாப்பியின் கறுப்பு உறையில் முட்டைவடிவத்தில் ஒரு திறப்பு இருக்குமே, கையே படக்கூடாது என்று நீங்கள் தலையில் அடித்துச் சொன்ன இடம், அது பார்ப்பதற்கு நெற்றி போலவே இருக்கிறது. அந்த நெற்றியில் கெட்டியாகச் சந்தனம், நடுவில் எட்டணா அகலத்துக்குக் குங்குமம். இது அப்பாவின் கைவேலை என்று எல்லோரும் ஒரே குரலில் தீர்ப்புச் சொல்லிவிட்டோம். அவரும் பயபக்தியோடு ஈரத்துணியால் துடைத்து வெயிலில் காயவைத்தார். இப்போது அது வடாம் போல வளைந்திருக்கிறது.

இதுவரை சிரிப்பு. இனிமேல்தான் உங்களுக்குக் காத்திருக்கிற வினை. நேற்றுப் பத்திரிகையைப் பார்க்க உங்கள் வருங்கால மாமனார் சுப்பராயலு, கிளியனூரிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். திரையை மறைக்கத் துண்டு தேடுவதற்குள் பார்த்துவிட்டார். மாப்பிள்ளை பெயர் எங்கே என்றார். அப்பா விரலால் காட்டினார். அவர் குனிந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாகப் படித்தார்: “ஆட்டினு... டைமனு... கிளாவரு... இஸ்பேட்டு. ஏங்க சீனுவாசன், மாப்பிள சீட்டு ஆடுவாருங்களா?” மாப்பிள்ளை சீட்டுக்கட்டைக் கையால்கூடத் தொட்டதில்லை என்று பொண்ணு பார்த்த அன்று தரகர் சத்தியம் செய்ததும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டு லட்டு தின்றதும் அப்பாவுக்கு ஞாபகம் வந்துவிட்டது. “அது மெஷின் கோளாறுங்க” என்றார். சுப்பராயலு, அம்மா போட்டுக்கொடுத்த காபியைக்கூடத் தொடாமல், ஜல்தியாக எழுந்து பஸ்ஸுக்குப் போய்விட்டார். அம்மா அப்போது பிடித்த அழுகை, இப்போதுதான் தூறலாகக் குறைந்திருக்கிறது. அச்சடிக்கிற வீட்டில் அச்சமடிக்கிறது மாமா.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு. சனிக்கிழமை பௌர்ணமி, முதல் பத்திரிகையைத் திருவக்கரை அம்மன் காலடியில் வைத்தாக வேண்டும் என்பது சம்பந்தி வீட்டு வழக்கம். ரூமில் பூட்டிவைத்திருக்கிற இன்னொரு தமிழ் ஃப்ளாப்பியை எடுத்துக்கொண்டு நாளைக் காலை முதல் பஸ்ஸில் வாருங்கள். இரண்டாவது, சனிக்கிழமை அம்மன் சன்னதியில் சம்பந்தி எதிரே சூடம் அணைத்து, சீட்டைத் தொட்டதில்லை என்று சத்தியம் செய்யுங்கள். அம்மன் மன்னிப்பாளா என்பது உங்கள் இருவருக்குள் உள்ள விஷயம்.

பேப்பர் வாங்க விழுப்புரம் வருகிற அந்தோணிசாமி அண்ணன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அம்மாவின் ஆசீர்வாதம், அப்பாவின் வருத்தம், பெரியதம்பி அண்ணனின் முறம் எல்லாம் உங்களைச் சேரட்டும்.

உங்கள் அன்புக்கும் அடிக்கும் பாத்திரமான,
செண்பகம்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகிற நேரத்தில் சுப்பராயலு மறுபடியும் வந்து இறங்கினார். அம்மாவும் அப்பாவும் உள்ளே ஓடிப்போக, நான் மாட்டினேன். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “தே பாரும்மா, கிளியனூர்ல நாங்க மூணு பேரு ஒக்காந்துகினு நாலாவது கைக்கு ஆறு மாசமா தேடிக்கினு கீறோம். நேத்து காபிகூட குடிக்காம ஓடனது இத அவனுங்ககிட்ட சொல்லத்தான். மாப்பிளைக்கு ரம்மி வருமா வராதா, நெஜத்தச் சொல்லு.” சொல்லிவிட்டேன். மனுஷன் முகம் மெஷினில் வந்த மூஞ்சி மாதிரியே மலர்ந்துவிட்டது. பத்திரிகையின் நான்கு மூலையிலும் அந்த நான்கு சின்னமும் இருக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். பெரியதம்பி அண்ணன் மற்றதை ஈய எழுத்தில் கோக்க உட்கார்ந்துவிட்டார். சின்னம் அவரிடம் இல்லை, கோளாறான கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. அதனால் ஃப்ளாப்பியை மறந்தும் கொண்டுவந்து மெஷினைச் சரியாக்கிவிடாதீர்கள். சூடமும் வேண்டாம். புதுச் சீட்டுக்கட்டு இரண்டு வாங்கி வாருங்கள்.

இன்னொன்று, படித்ததும் கிழித்துவிடவும். அந்தப் பொட்டை வைத்தது அப்பா இல்லை. அவருக்கு ஃப்ளாப்பிக்கு நெற்றி எந்தப் பக்கம் என்றே தெரியாது.