அரையடி ஸ்கேலும் தாப்பா மலைப்பாதையும்

கணக்கு வாத்தியார்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஒரு கணக்கு சரியாக வந்துவிட்டால் உலகமே தங்கள் கைக்குள் என்று நினைத்துக்கொள்வார்கள். எழுபதுகளில், என் நிச்சயதார்த்தத்தின்போது, எனக்கு அந்த வியாதி முற்றியது.

அப்போது நான் கோலாலம்பூருக்கு வடக்கே, மலைமேல் ரிங்லெட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளியில் ஆசிரியர். பெண், தோட்ட ஆபீஸ் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணியின் மகள் வசந்தா. தட்டு மாற்ற அவளுடைய தாய்மாமா மதராஸிலிருந்து விமானத்தில் வருகிறார். கல்யாணம் ஆறு மாதம் கழித்து. அதற்கும் அவர் வந்தாக வேண்டும்.

"எத்தன மணிக்கு எறங்குவாரு?" என்று கிராணி கேட்டதுதான் தாமதம், அட்லஸில் ஸ்கேலை வைத்துவிட்டேன். ஆயிரத்து அறுநூறு மைல், நான்கு மணி நேரம், நம் கடிகாரம் முந்துவதால் மேலும் இரண்டு. கோலாலம்பூரில் விமானம் நான் சொன்னபடியே இறங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாமாவை அழைத்துக்கொண்டு வந்து அன்று மலையடிவாரத் தாப்பாவில் தங்கினோம். மறுநாள் நல்ல நேரம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை. அதே ஸ்கேலை வைத்தேன். பதினேழு மைல்தான். ஒன்பதரைக்குக் கிளம்பினால் தாராளம் என்றேன்.

"சார், இது மல ரோடு லா. ஏழு மணிக்கே ஏறிடுவோம்" என்றார் காரோட்டி முத்தையா.

"மதராஸையே அளந்தாச்சுண்ணே. இது என்ன பிரமாதம்?"

(அந்த மலையில் தோட்ட லாரியில் மட்டுமே ஏறி இறங்கிய எனக்கு, தாமதமெல்லாம் லாரியின் குற்றம் என்று எண்ணம்.)

மூன்றாவது வளைவில் மாமா பேச்சை நிறுத்தினார். பத்தாவது வளைவில், "மாப்பிள்ளை, வண்டிய நிறுத்தச் சொல்லுங்க" என்றார். காலை இட்லி வெளியே வந்தது. அப்புறம் வளைவுக்கு வளைவு நிறுத்தினோம்.

"இன்னும் எவ்வளவு தூரம்?"

"அரை அங்குலம்தான் மாமா."

ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் கேட்டார். அப்போதும் அரை அங்குலம்தான் இருந்தது.

தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை. கோயில் வாசலில் தொழிலாளர் லயமே திரண்டு நின்றது. கிராணி என் முகத்தைப் பார்க்கவில்லை. "நல்ல நேரத்துக்கு வரத் தெரியாதவனுக்கா பொண்ணக் குடுக்கிறது?" என்று யாரோ சொன்னார்கள். சம்பந்தம் போயே போச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

படியில் சாய்ந்து எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருந்த மாமா கண்ணைத் திறந்தார்.

"அடுத்த நல்ல நாள் எப்போ?"

"வர்ற புதங்கெழம" என்றார் கிராணி.

"அன்னைக்கே கல்யாணத்தையும் சேர்த்து முடிச்சிடுங்க மச்சான். இறங்குறது ஒரு தடவை இறங்கிடுவேன். மறுபடியும் இந்த ரோட்ல ஏற என்னால ஆகாது."

புதன்கிழமை தாலி கட்டினேன்.

இன்றைக்கும் நான் எங்கே கிளம்பினாலும் பிள்ளைகள் ஒரு ஸ்கேலை எடுத்து நீட்டுகிறார்கள். வசந்தா மட்டும் சிரிக்காமல் சொல்வாள்: "ஒங்கப்பா அன்னைக்கு ஒழுங்கா அளந்திருந்தா, எனக்கு யோசிக்க ஆறு மாசம் கெடச்சிருக்கும்."