மார்கழி பிறக்குமுன் பிறந்த பாலன்

ஹவுகன்ஸ்டுவா, ஒஸ்லோ
தை 5

எங்கள் கோவில் பங்கு மடலின் ஆசிரியர் கிளெமென்ற் அவர்களுக்கு,

நீர் என் தங்கையின் மகன் என்பதை இக்கடிதம் முடியும்வரை மறந்திருக்கிறேன், நீரும் மறந்திரும். புதிய ஆண்டில் உமக்கும் மனைவிக்கும் ஆண்டவர் சுகம் தரட்டும். முழங்கால் நோவைத் தவிர எனக்குக் குறை இல்லை.

குடிலிலிருந்து பாலன் இயேசுவைத் திருடிய கிழவி என்று என்னைப் பற்றிக் கதைக்கிறார்களாம். கிழவி என்பதை விடுகிறேன். நான் திருடவில்லை. குறைமாதத்தில் பிறந்தவரை எடுத்துப் பத்திரப்படுத்தினேன்.

நத்தாருக்கு நாலு கிழமை இருக்க, திருவருகைக்கால முதல் ஞாயிறன்றே, அலங்காரப் பொறுப்பில் இருக்கும் ஜெனிதாவின் குழு கோவிலில் குடில் கட்டிப் பாலனையும் வைக்கோலில் கிடத்திவிட்டது. பாலன் பிறக்கும் நத்தார்ப் பூசைவரை தொட்டில் வெறுமையாக இருக்கவேண்டும், நற்செயல் ஒன்றுக்கு ஒரு வைக்கோலாகப் போட்டு மெத்தையாக்கவேண்டும் என்றுதான் கன்னியர் மடத்தில் மதர் எங்களுக்குப் படிப்பித்தார். இதை ஜெனிதாவிடம் சொன்னேன். "அன்ரி, பிள்ளையள் போட்டோ எடுக்கோணும். நாலு கிழமை வெறுந்தொட்டிலை ஆர் பாக்கிறது?" என்றாள். வெறுந்தொட்டிலைப் பார்ப்பதுதான் அந்த நாலு கிழமையின் வேலை என்று சொல்ல நான் வாயெடுக்குமுன் அவள் மின்விளக்குப் பூட்டப் போய்விட்டாள். ஆகவே பாலனை என் கம்பளித் தொப்பியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்து, "பாலன் என்னிடம் பத்திரம். நத்தாருக்கு வருவார்" என்று கடுதாசித் துண்டொன்றில் எழுதி, ஒப்பமிட்டு, வைக்கோலின் கீழ் வைத்தேன். வைக்கோலைக் கிளற ஒருவருக்கும் தோன்றாது என்று நான் கண்டேனா?

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் நாற்பது பேர் தேடுகிறார்கள். மச்சாளுடன் ஏழு வருடமாக முகம் கொடுத்துக் கதையாத இந்திரா, அதே மச்சாளுக்கு ஏணி பிடிக்கிறாள். எப்போதும் கடைசி வரிசை வாங்கில் இருந்துவிட்டுப் போகும் சென்னைக் குடும்பம் நிலவறைக்குள் இறங்கியிருக்கிறது. அவர்களின் பெயர்களே அன்றுதான் எங்களுக்குத் தெரியவந்தன. "ஆன்ட்டி, டார்ச்ச கொஞ்சம் மேல புடிங்க" என்று அந்தத் தம்பி என் கையில் விளக்கைத் தந்தார். பிடித்தேன். கைப்பை மற்றக் கையில். நான் பொய் சொல்லவில்லை. என்னை ஒருவரும் கேட்கவில்லை. கோவிலை மறந்தவர்களெல்லாம் தேடவென்று வரத் தொடங்கினார்கள், தேத்தண்ணியும் றோல்சும் வந்தன, மூன்று ஞாயிறும் தேடினோம். இந்தப் பங்கு இவ்வளவு உயிரோடு இருந்து நான் பார்த்ததில்லை. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை என்றும் எழுதிக்கொள்ளும்.

நத்தாரன்று பின்னேரம் மூன்று மணிப் பூசை. சறுக்குப் பனியில் மெல்ல நடந்து ரயிலைத் தவறவிட்டேன். நான் நுழையும்போது பாலனுக்குப் பதிலாகத் தொட்டிலில் ஜெனிதாவின் பேரப்பிள்ளை கிடக்கிறது. இரண்டு மாதக் குழந்தை, கொட்டாவி விடுகிறது. கோவில் முழுவதும் முழங்காலில். நானும் முழங்காலிட்டேன், நோவையும் மறந்து. பிறகு ஜெனிதா பிள்ளையைத் தூக்கினாள். கம்பளிச் சட்டையில் ஒட்டிக்கொண்டு என் துண்டும் வந்தது. அதை உரக்க வாசித்துக்கொண்டு போனவள், ஒப்பத்துக்கு வந்ததும் திரும்பி என்னைப் பார்த்தாள். எல்லாரும் பார்த்தார்கள். "கொண்டுவாங்கோ அன்ரி, அவருக்கும் குளிரும்" என்றாள். ஏசியிருந்தால் பதில் வைத்திருந்தேன். கம்பளித் தொப்பியோடு பாலனைக் கொடுத்துவிட்டு, இறுதி ஆசீருக்கு முன்பே வெளியேறினேன்.

அதன்பின் கோவிலுக்குப் போகவில்லை. என் அவர் போனபிறகு, ஞாயிறு ஒருநாள்தான் நான் ஆட்களோடு வாய்திறந்து கதைப்பது. ஆனால் கள்ளி என்ற பெயரோடு அந்தப் படி ஏறமாட்டேன். எனவே "திருமதி இராசமணி திருடவில்லை" என்று அடுத்த மடலின் முதற்பக்கத்தில் திருத்தம் வெளியிடவும்.

உம் பேனாவையும் வீட்டையும் தேவதாய் காப்பாராக.

இப்படிக்கு,
திருமதி இராசமணி சவிரிமுத்து

பி.கு.: கடிதவுறை தேடிக் கைப்பையைக் கவிழ்த்தேன். அடியில் ஓர் ஆட்டுக்குட்டி கிடக்கிறது. குடிலினுடையது. தொப்பியில் பாலனோடு சிக்கி வந்து, பைக்குள் நழுவியிருக்கவேண்டும். இதற்குத் துண்டும் எழுதி வைக்கவில்லை, ஒருவரும் தேடவுமில்லை. ஆகையால் திருத்தம் வேண்டாம், மகன். மேலே உள்ள எதையும் போடவேண்டாம். குடில் கலைக்கும் ஞாயிறு, ஆட்டுக்குட்டியைக் கொண்டு நான் வரலாமா என்று ஜெனிதாவைக் கேளும். அவள் சொல்வதை அப்படியே கடிதத்தில் எழுதி அனுப்பும்.