மூன்று ஷிஃப்ட் கஷாயம்

செப்டம்பர் 9, செவ்வாய். இன்று ஒரு சின்னத் தப்பு செய்தேன். பர்னபாஸ் மாமாவிடம் மஞ்சளைப் பற்றிச் சொன்னபோது 'எலிகளுக்கு' என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டேன்.

டீனா டைரியை மூடிவிட்டு வகுப்பு நோட்டைத் திறந்து பார்த்தாள். லேப் டெக்னீஷியன் மாலை வகுப்பில் சார் சொன்னதைச் சரியாகத்தான் எழுதியிருந்தாள்: புற்றுநோய்க்கான இம்யூனோதெரபி மருந்துக்கு மஞ்சளில் உள்ள ஒரு பொருள் துணை நிற்கலாம், எலிகளில் பார்த்திருக்கிறார்கள், மனிதர்களில் இன்னும் உறுதியாகவில்லை. பக்கத்து வீட்டு பர்னபாஸ் மாமா மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெங்களூர் போய் அந்த மருந்தைத்தான் ஏற்றிக்கொள்கிறார். ஆசையில் அவரிடம் பாதியைச் சொல்லிவிட்டாள்.

விடிவதற்குள் ஊரிகம் லைன் வீடுகள் முழுக்கத் தெரிந்துவிட்டது. தங்கச் சுரங்கத்தில் ஷிஃப்ட் வேலை பார்த்த தங்கவேலு பெரியப்பா, மாமாவுக்குக் கஷாயம் கொண்டுபோக அக்கம்பக்கத்தில் உடனே ஆள் பிரித்தார்.

"மொத ஷிஃப்ட்டு நானு, மஞ்சக் கஷாயம். ரெண்டாவது ஷிஃப்ட்டு ஜெயசீலி, சீந்தில் கொடி. மூணாவது பியூலா, நெல்லிக்கா. யாரும் லேட்டா வரக்கூடாது!"

டீனா ஓடினாள். "பெரியப்பா, அது எலிக்குக் குடுத்துப் பார்த்தது!"

"எலிக்கா?" தங்கவேலு யோசித்தார். "எலி எம்மாந்துண்டு! பர்னபாஸ் இன்னா எடை! நல்லவேளை சொன்னம்மா."

மறுநாள் டம்ளருக்குப் பதில் சொம்பு வந்தது.

டீனா ஜெயசீலி அக்காவைப் பிடித்தாள். "அக்கா, இதெல்லாம் ஈரலைக் கெடுத்துடும். டெஸ்ட்ல ஈரல் சரியில்லைன்னா வர்ற வியாழக்கிழமை மாமாவுக்கு மருந்து ஏத்த மாட்டாங்க!"

"ஐயோ, ஈரலா? இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

சாயங்காலம் சீந்திலோடு கீழாநெல்லியும் சேர்ந்து வந்தது.

இனி யாரிடமும் விளக்கம் சொல்வதில்லை என்று டீனா முடிவு செய்தாள். எந்த நாள், எந்தக் கஷாயம், எத்தனை சொம்பு என்று பட்டியல் போட்டாள். வியாழக்கிழமை மாமாவோடும் அவர் மனைவி ஐடா அத்தையோடும் மாரிகுப்பம் ரயிலில் பெங்களூர் போனாள். ரத்தம் எடுத்தார்கள். டாக்டரிடம் பட்டியலை நீட்டினாள்.

"தப்பு என்னோடது சார். மாமாவுக்கு மருந்தை மட்டும் நிறுத்திடாதீங்க."

டாக்டர் பட்டியலைப் படித்தார். ரிப்போர்ட்டைப் பார்த்தார். மறுபடி பட்டியலைப் பார்த்தார்.

"ஒன்பது நாள்ல இவ்வளவா? ஆனா ஈரல் ரொம்ப நல்லா இருக்கே!"

பர்னபாஸ் மாமா மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐடா அத்தை தொண்டையைச் செருமினாள்.

"உங்களக் கேக்காம எதுவும் குடிக்கக் கூடாதுன்னு மொத நாளே சொன்னீங்களே டாக்டர். அவர் ஒரு சொட்டு தொடல. ஆனா வீட்டுக்கு வந்தவங்கள வெறும் வாயோட அனுப்ப முடியுமா? தங்கவேலு அண்ணன் கொண்டாந்தத ஜெயசீலிக்குக் குடுத்தேன், ஜெயசீலி கொண்டாந்தத பியூலாவுக்கு, பியூலா கொண்டாந்தத காலையில தங்கவேலு அண்ணனுக்கு. உடம்புக்கு நல்லதுன்னு மூணு பேரும் மிச்சம் வைக்காம குடிச்சாங்க."

செப்டம்பர் 18, வியாழன். மாமாவுக்கு மருந்து ஏறிவிட்டது. நாளை காலை ஏழு மணிக்கு தங்கவேலு பெரியப்பா, ஜெயசீலி அக்கா, பியூலா அக்கா மூவரையும் ஈரல் பரிசோதனைக்கு அழைத்துப் போக வேண்டும்.