அந்த ஒரு ஓட்டு

தையல்காரருக்கு மூன்று வாரத் தாடி. ஊரில் இருப்பது ஒரே சலூன். அதை நடத்துபவரைத்தான் அவர் வார்டு தேர்தலில் ஒரே ஒரு ஓட்டில் தோற்கடித்திருந்தார். நூற்றுப் பன்னிரண்டுக்கு நூற்றுப் பதினொன்று. தோற்றவர் கையில் சவரக் கத்தி இருக்கும்போது ஜெயித்தவர் எந்தத் தைரியத்தில் போய்க் கழுத்தை நீட்டுவார்?

பதவி ஆசை பிடித்து அவர் நிற்கவில்லை. போன மழைக்காலத்தில், தெருக்கோடிச் சிறுபாலத்து இருட்டில் கால் தவறி விழுந்து மனைவிக்கு மணிக்கட்டு உடைந்தது. இருபது வருடம் கடையில் சட்டைப் பொத்தான்களுக்குக் காஜா எடுத்த கை, இன்றும் ஊசியைப் பிடித்தால் நடுங்குகிறது. அந்த இடத்தில் ஒரு விளக்கு வேண்டும், அவ்வளவுதான். அதைச் சொல்லித்தான் ஓட்டே கேட்டார்.

பதவிக்கு வந்த இரண்டாம் நாளே கம்பமும் விளக்கும் கடை வாசலில் வந்து இறங்கின. ஒன்றே ஒன்று. பின்னாலேயே பால்காரம்மாவும் வந்தார்.

"மெம்பரே, எத்தனை ஓட்டுல ஜெயிச்ச?"

"ஒரு ஓட்டுலக்கா."

"அது என்னுது. விளக்கை என் கொட்டகை முன்னாடி நட்டுடு."

யோசித்தால் அந்த அம்மா சொல்வதில் தப்பும் இல்லை. யாரையும் முகத்துக்கு நேரே மறுத்துப் பேசத் தெரியாத மனிதர், "பாத்துக்கலாங்க்கா" என்று சொல்லித் தொலைத்தார். மதியத்துக்குள் அது ஊரெல்லாம் பரவிவிட்டது. மாவு மில்காரர் வந்தார், ஓய்வுபெற்ற தபால்காரர் வந்தார், போன தீபாவளிக்கோ எதற்கோ தைத்த சட்டைக்கு அவரோடு சண்டை போட்டவர்கூட வந்தார். எல்லோர் கையிலும் அதே ஒரு ஓட்டு. எல்லோருக்கும் அதே பாத்துக்கலாம். அளவு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதிக்கொண்டே வந்து, பத்தாம் நாள் எண்ணிப் பார்த்தார். அவருக்கு ஓட்டுப் போட்டவர்கள் நூற்று அறுபத்தெட்டுப் பேர்.

அந்தப் பக்கமே வராத ஒரே ஆள் சலூன்காரர்தான். மனசுக்குள் கறுவிக்கொண்டிருக்கிறார் என்று தையல்காரர் நினைத்துக்கொண்டார்.

நியாயமாக இருக்கட்டும் என்று, கேட்டவர்கள் பெயரையெல்லாம் சீட்டில் எழுதிப் போட்டுக் குலுக்கல் வைத்தார். ஊரே கூடி நிற்க, பால்காரம்மாவையே சீட்டை எடுக்கச் சொன்னார். பிரித்தால், மனைவியின் தம்பி பெயர்! கூட்டம் ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு பேசியதைக் கேட்டிருந்தால் பேசாமலேயே இருந்திருக்கலாம் என்று தோன்றும். குடும்பத்துக்கு வெளிச்சம் போட்டுக்கொண்டார் என்றார்கள். சரி, மச்சானுக்கு இல்லை என்று அறிவித்தார். மச்சான் அன்றிலிருந்து வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டான்.

அன்று சாயங்காலம் மனைவி இடது கையால் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

"நான் என் தம்பி வீட்டு வாசல்லயும் விழல, அந்தக் கொட்டகை முன்னாடியும் விழல."

அவளுக்குக் கோபம்கூட இல்லை. அதுதான் அவரைச் சுட்டது. தாளை எடுத்து ராஜினாமாக் கடிதம் எழுதினார். மறுநாள் காலையில் அதைப் பையில் வைத்துக்கொண்டு நேராக சலூனுக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

சலூன்காரர் துண்டைப் போர்த்தி, நுரையைப் பூசி, கத்தியைத் தீட்டினார்.

"அண்ணே, என்னால முடியல. நான் விலகிக்கிறேன். நீங்களே மெம்பரா இருங்க."

கத்தி கன்னத்தில் நிதானமாக இறங்கியது.

"பாலத்துல விளக்குன்னுதானே சொன்னே?"

"ஆமாண்ணே."

"அங்கயே நடு. எவன் கேட்டாலும், அந்த ஒரு ஓட்டைப் போட்டவன் அங்கதான் கேக்குறான்னு சொல்லிடு."

"அது யாருன்னு தெரியாமத்தானேண்ணே இத்தனை கூத்தும்."

சலூன்காரர் அவர் மோவாயை நிமிர்த்திக் கழுத்தில் கத்தியை வைத்தார்.

"ஆடாம இரு. ஓட்டுப் போட உள்ள போனதும், எங்க நான் ஜெயிச்சுத் தொலைச்சிடுவேனோன்னு பயம் வந்துடுச்சு தம்பி. உனக்கே குத்திட்டேன்."