ஓரா முள்ளும் எனக்காக நடந்த சாவு வீடும்

சாவுக்குப் பயப்படாதவள் என்று பெயர் எடுத்தவள் நான். (யாரும் கொடுத்த பெயரில்லை. நானே சொல்லிச் சொல்லி எடுத்தது.) சூறாவளி பார்த்தேன், சண்டை பார்த்தேன், கடல் ஊருக்குள் வந்ததைப் பார்த்தேன், இனி என்ன பயம் என்பேன். அந்தப் பெயர் ஒரு காலை வேளையில் கிணற்றடியில் சவர்க்கார நுரையோடு போய்விட்டது. வலது அக்குளில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. கொட்டைப்பாக்கு அளவு இருக்கும். அமர்த்தினேன், நொந்தது. வாளி கிணற்றுக்குள் விழுந்த சத்தம் கேட்டுத்தான் மூச்சு விட்டேன்.

உப்புவெளியில் எங்கள் ஒழுங்கையில் ஒருத்தி இதே இடத்தில் கட்டி வந்து, கிடந்து செத்தாள். அவளைக் குளிப்பாட்டியவள் நான். ஆகவே எனக்கு டொக்டர் தேவைப்படவில்லை. புற்றுநோய்தான் என்று நானே முடிவு கட்டினேன்.

நெறி கட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கையில் காயம் பட்டால் அக்குளில் நெறி கட்டும் என்பது எனக்குத் தெரியாததா? ஊருக்கே சொல்லிக் கொடுத்தவள் நான். ஆனால் என் கையில் காயம் இல்லை. இருக்கவும் கூடாது.

காரணம் இதுதான். அதற்குச் சில நாள் முன்பு என் மருமகள் சுகந்தி ஓரா மீனின் முள்ளைக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் பாலையூற்றில் வளர்ந்த பிள்ளை, கடற்கரைப் பழக்கம் இல்லை. நான் பிறந்ததே சல்லிக் கடற்கரையில். "சல்லிப் பொம்பிளையளுக்குக் கத்தரிக்கோல் என்னத்துக்கு?" என்று மீனைப் பறித்தேன். அந்தக் கணமே முள் விரலில் ஏறியது. ஓரா முள் குத்தினால் தோள்வரை கடுக்கும். வலை இழுக்கிற ஆம்பிளைகளே அழுவார்கள். நான் சிரித்தேன்.

"என்ன மாமி, குத்திட்டுதோ?"

"எனக்கோ? ஓராவுக்கு என்னைத் தெரியுமடி."

கண் கலங்கியதற்கு வெங்காயத்தைச் சாட்டினேன். (வெங்காயம் அப்போது உரிக்கப்படவேயில்லை.) விரல் நுனி வீங்கியிருந்தது. அதைப் பார்க்காமலே வேலை செய்யப் பழகிவிட்டேன். குத்தவில்லை என்று அவளுக்குச் சொன்னதை நானே நம்பியும் விட்டேன்.

கட்டி வந்த பிறகு சோறு இறங்கவில்லை. சேலை சரிசெய்கிற சாட்டில் கை அக்குளுக்குப் போகும், பெருத்துவிட்டதா என்று பார்க்கும். பஸ்ஸில் போகையில் துறைமுகத்தில் நின்ற கப்பலைக் கண்டு, இது அடுத்த முறை வரும்போது நான் இருப்பேனா என்று நினைத்தேன். கடைசியில் தாங்க ஏலாமல் நிலாவெளியில் இருக்கிற தங்கச்சி பூமணிக்கு ஃபோன் எடுத்தேன்.

"ஆருக்கும் சொல்லாத. எனக்கு அது வந்திட்டுது."

பூமணியிடம் 'ஆருக்கும் சொல்லாத' என்பது தேர் வடத்தைக் கையில் கொடுக்கிற மாதிரி, ஊரையே கூட்டி இழுப்பாள். அடுத்த நாள் சல்லியிலிருந்து, நிலாவெளியிலிருந்து, புல்மோட்டையிலிருந்துகூட ஆட்கள் வந்து இறங்கினார்கள்.

"ஐயோ அக்கா, எங்களை விட்டிட்டுப் போகப் போறியே!" என்று பூமணி என்னைக் கட்டிப்பிடித்தாள். சுகந்தி அகப்பையோடு குசினி வாசலில் விறைத்து நின்றாள். ஒரு மச்சாள் சுவரில் இருந்த என் படங்களைப் பார்த்து, "இதில முகம் தெளிவாயிருக்கு" என்றாள். இத்தனை பேர் அழுகிறார்கள் என்றால் உண்மையாகத்தானே இருக்க வேண்டும்!

சுகந்திதான் கோபத்தோடு என்னை ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள். பூமணியும் நெருக்கிக்கொண்டு ஏறினாள். மற்றவர்கள் வாடகை வான் ஒன்றைப் பிடித்துப் பின்னால் வந்தார்கள். டொக்டர் கிண்ணியா ஊர்ப் பொம்பிளைப் பிள்ளை, இளம் வயது.

"கையில காயம் ஏதும் பட்டதோ அம்மா?"

"இல்லை."

"முள்ளு கிள்ளு?"

"இல்லையெண்டுறன்."

அவள் என் விரல்களை ஒவ்வொன்றாக அமர்த்தினாள். ஒன்றில் நான் போட்ட கத்தலுக்கு வராந்தாவில் இருந்தவர்கள் எழும்பிவிட்டார்கள். விறைக்க ஊசி போட்டு, சின்னதாய்க் கீறினாள். சீழோடு ஒரு முள் நுனி வந்தது.

பூமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். "இது ஓரா முள்ளெல்லே! அக்காவை ஓரா குத்திட்டுதோ?" அவளுக்குத் துக்கம் அந்த இடத்திலேயே தீர்ந்துபோனது.

வெட்கத்தை விழுங்கிக்கொண்டு கேட்டேன். "விரலில குத்தினது அக்குளுக்கு எப்பிடித் தெரியும் பிள்ளை?"

"காயம் பட்ட சதை சில ரசாயனங்களைக் கசிய விடும். வாசனை எண்டு வையுங்கோவன். இரத்தத்தில ஓடுற வெள்ளைக் கலங்கள் அதைப் பிடிச்சு, குழாயை விட்டு வெளியில வந்து, வாசனை கூடின பக்கமாய் ஊர்ந்து போகும். முதல் வந்ததுகள் தாங்களும் கசிய விட்டு மற்றதுகளைக் கூப்பிடும். சண்டை பிடிச்சுச் செத்ததுகள்தான் இந்தச் சீழ். வேற சிலது கிருமியின்ர துண்டைக் கொண்டுபோய் அக்குள் நெறியில காட்டும். அங்க படை பெருகும். அதுதான் உங்கட கட்டி."

"எவ்வளவு வந்தாலும் நல்லதுதானே?"

"இல்லை அம்மா. சண்டை முடிஞ்சும் போகாமல் நிண்டால் நல்ல சதையையும் பழுதாக்குங்கள். சிலருக்கு மூட்டு வீங்கிறதும் அப்பிடித்தான்."

சுகந்தி யன்னலால் எங்கள் சனம் வந்த வானைப் பார்த்தாள்.

"அப்ப புற்றுநோய் இல்லையே?" குரல் எனக்கே கேட்கவில்லை.

டொக்டர் சிரிக்கவில்லை. "சில புற்றுக் கலங்களும் அந்த வாசனையைப் பிடிச்சே நெறிக்குப் போகும். அதால கட்டி வத்துதோ எண்டு பாக்கவேணும். வத்தாட்டி ஊசியால எடுத்துச் சோதிப்பம்."

முள் போன நிம்மதியும் அந்தச் சொல்லோடு போனது. மருந்து குடித்தேன். கட்டி கொஞ்சமும் அசையாமல் கிடந்தது. வந்த கூட்டமும் கட்டி வத்தும்வரை போகமாட்டோம் என்று கிடந்தது. தின்று, படுத்து, உட்கார்ந்து உட்கார்ந்தே ஒரு கதிரையையும் முறித்தார்கள். நான் அக்குளைத் தொடவும் பயந்து, தொடாமல் இருக்கவும் பயந்து திரிந்தேன். பிறகு ஒரு நாள் காலையில் தடவினேன், புளியங்கொட்டை அளவுதான் இருந்தது. இன்னும் சில நாளில் தேடினாலும் கிடைக்கவில்லை. நிலத்தில் குந்தி ஓவென்று அழுதேன். சாவுக்குப் பயப்படாதவள்!

பூமணி இன்னொரு கிழமை நிற்கலாம் என்றாள். சுகந்தி என் காதுக்குள் குனிந்து, "சண்டை முடிஞ்சுதெண்டு இவைக்கு ஆர் மாமி சொல்லுறது?" என்று கேட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்குச் சொல்லாமல் யார் வந்தாலும் ஒரே கேள்விதான்: "ஆர் கசிய விட்டது?"

போன மாதம் எனக்குக் காய்ச்சல். ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. பின்னேரம் படலையில் ஓட்டோ நின்றது. பூமணி பையோடு இறங்கினாள், பின்னால் அந்த மச்சாளும். நான் சுகந்தியைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் உலையில் இன்னும் இரண்டு சுண்டு அரிசியைப் போட்டாள்.