லாரியின் எடையில் ஆறு கிலோ என்னுடையது

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நான், உங்கள் மாமியார், நாய்க்குட்டி லாரி மூவரும் சௌக்கியம். மூவரில் அதிக சௌக்கியமாக இருப்பவன் லாரி என்பதுதான் உங்கள் புகார் என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிந்துகொண்டேன். போனில் எனக்குக் காது சரியாகக் கேட்காது என்பதால் கடிதமாக எழுதிய உங்கள் அக்கறைக்கு நன்றி. முதல் முறை கண்ணாடி இல்லாமல் படித்தேன், கோபம் பாதிதான் வந்தது. கண்ணாடி போட்டுப் படித்ததும் மீதியும் வந்துவிட்டது.

"நாற்பத்து நாலு கிலோவா? ஞாயிற்றுக்கிழமை வந்து குட்டியை எடுத்துக்கொண்டு போகிறேன் மாமா, உங்கள் வீட்டில் அவனுக்கு அளவான சாப்பாடு கிடைக்காது" என்று எழுதியிருக்கிறீர்கள். மாப்பிள்ளை என்ற மரியாதை என் மனதில் இருக்கிறது, அது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். லாரியைத் தரமாட்டேன். நீங்கள் வரவும் வேண்டாம்.

மூன்று மாதம் முன்பு அவனை ஒரு தோள்பையில் போட்டுக்கொண்டு வந்தது யார்? நீங்கள். "புது வீடு பாத்து மாறுற வரைக்கும் வச்சிருங்க மாமா, சின்னக் குட்டிதானே" என்றது யார்? நீங்கள். அந்தச் சின்னக் குட்டி இன்று நடைவழியில் குறுக்கே படுத்தால் உங்கள் மாமியார் சமையலறையிலிருந்து கூடத்துக்கு வரப் பின்வாசல் வழியாக வீட்டைச் சுற்றி வருகிறாள். நகரச் சொன்னால் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்கிறான். லாரி என்று பெயர் வந்தது அப்படித்தான். ஐந்து மாதக் குழந்தை. அவனுடைய பாதம் என் கையளவு இருக்கிறது.

போகும்போது பிரிட்ஜ் கதவில் ஒரு பட்டியலை ஒட்டிவிட்டுப் போனீர்கள். பெரிய இனக் குட்டிகளுக்கென்று விற்கிற தீனி மட்டும், நாளைக்கு மூன்று வேளை, நிறுத்துப் போடவும். பால் வேண்டாம். சுண்ணாம்புச்சத்து வேண்டாம். சாப்பாட்டு மேசையிலிருந்து எதுவும் வேண்டாம். கூடுதலாக ஒரு பிஸ்கட்கூட வேண்டாம். மாப்பிள்ளை, நீங்கள் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர். ஒரு விசிலில் நாற்பது பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிறவர். உங்களுக்கு எல்லாம் அளவில்தான் இருக்கும். நான் முப்பத்தொரு வருடம் காங்கிரீட் கட்டிகளை மெஷினில் வைத்து நசுக்கி, எது தாங்கும் எது தாங்காது என்று சான்று எழுதிக் கொடுத்தவன். எனக்கும் அளவு தெரியும். பெரிய கட்டடம் என்றால் நிறைய சிமெண்ட். பெரிய நாய் என்றால் நிறைய சுண்ணாம்புச்சத்து. இதற்கு எதற்குப் பட்டியல்?

ஆகவே முட்டை ஓடுகளைக் கழுவி வெயிலில் காயவைத்து மிக்சியில் அரைத்து, வேளைக்கு ஒரு கரண்டி என்று தீனியில் கலந்தேன். காலையில் ஒரு டம்ளர் பால். மூட்டுவலிக்கென்று உங்கள் மாமியார் வாங்கி வைத்திருந்த சுண்ணாம்புச்சத்து மாத்திரையில் ஒன்று. அந்த மிக்சியைத்தான் சமையலுக்கும் வைத்திருக்கிறோம் என்பதால் இரண்டு வாரம் எங்கள் சாப்பாட்டிலும் பல்லில் நறநறவென்றது. அதற்கு வீட்டில் என்ன நடந்தது என்று எழுதினால் கடிதம் நீளும். நான் செய்ததை நான் மறைக்கவில்லை. மறைத்து எனக்கு ஒன்றும் ஆக வேண்டியதில்லை.

ஆனால் எல்லாப் பழியையும் என் தலையில் போடாதீர்கள். ஆய்வுக்கூடத்தில் செய்தது போலவே வீட்டிலும் ஒரு பதிவேடு வைத்தேன். தேதி, வேளை, எடை, போட்டவர் கையெழுத்து. காலை ஏழு மணிக்குப் போட்டுக் கையெழுத்திட்டுவிட்டுக் குளிக்கப் போவேன். உங்கள் மாமியார் வருவாள். லாரி அவளை ஒரு பார்வை பார்ப்பான். பிறந்ததிலிருந்து ஒரு வாய் கண்டதில்லை என்கிற பார்வை. "ஏங்க, புள்ளைக்கு ஒண்ணும் போடலியா?" என்பாள். "கையெழுத்தைப் பாரு" என்று குளியலறையிலிருந்து கத்துவேன். "நீங்க கையெழுத்துப் போட்டா அவனுக்கு வயிறு நெறஞ்சிருமா? மூஞ்சியப் பாருங்க, வாடிப் போச்சு" என்று இன்னொரு கிண்ணம் போடுவாள். அவள் மட்டும் கையெழுத்துப் போட மாட்டாள். பதிவேட்டில் மூன்று வேளை, வயிற்றில் ஆறு வேளை.

ஏழாவது வேளையை நான் கையும் களவுமாகப் பிடித்தேன். மாடியில் குடியிருக்கும் தையல்காரர், மெஷின் பக்கத்து ஜன்னலிலிருந்து ஒரு பன்னை நூலில் கட்டிக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார். லாரி வாயைத் திறந்து வைத்துக்கொண்டு சரியாக அதற்கு நேர் கீழே நின்றான். பழகிய இடம். "என்னய்யா இது?" என்றேன். அவர் முகத்தில் கொஞ்சமும் வெட்கமில்லை. "வளர்ற புள்ள சார். வளர்ற புள்ளைக்குத் துணி தச்சாலே ரெண்டு இன்ச் உள்ள மடிச்சு விட்டுத்தான் தைப்பேன். சாப்பாட்டுல மட்டும் கொறைக்கலாமா?" என்றார். அந்த நேரத்தில் அது எனக்கு நியாயமாகவே பட்டது. சொல்லப்போனால் நூல் மெல்லியது, கயிறாக மாற்றுங்கள் என்று யோசனையும் சொல்லிவிட்டு வந்தேன்.

பிறகுதான் அவனுடைய இடது முன்னங்காலில் ஒரு சாய்வு வந்தது. நொண்டுகிறான் என்று உங்கள் மகாராணி, அதாவது என் மகள், உங்களிடம் சொல்லியிருக்கிறாள். நொண்டல் அல்ல, சாய்வு. இருந்தாலும் பெரிய மனது பண்ணி டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். என் மகள் வயதுகூட இருக்காது. அவனுடைய விலாவில் இரண்டு கையையும் வைத்துத் தேடினார். "விலா எலும்பு விரலுக்குத் தட்டுப்படணும் சார். இங்க மெத்தைதான் தட்டுப்படுது" என்றார். என்ன போடுகிறீர்கள் என்று கேட்டார். பெருமையாகச் சொன்னேன். முட்டை ஓடு வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"சார், பெரிய நாய்க்குட்டி மெதுவாத்தான் வளரணும். எடை சீக்கிரம் ஏறினா எலும்பு தாங்காது. சுண்ணாம்புச்சத்தும் அப்படித்தான். இந்த வயசுல கூடுதலாப் போனா வேண்டாம்னு தள்ளத் தெரியாது, அப்படியே உள்ள வாங்கிக்கும், எலும்பு கோணலா வளரும். அந்தத் தீனியிலேயே எல்லாம் கணக்காப் போட்டிருக்கு. மேல நீங்க எதுவும் சேர்க்கக் கூடாது" என்றார். நான் விடுவேனா? முப்பத்தொரு வருடத்தையும் எடுத்துவிட்டேன். சிமெண்ட், கம்பி, ஜல்லி எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "காங்கிரீட் போட்ட மூணாம் நாளே அடியில இருக்கிற முட்டுப் பலகையப் பிரிச்சிட்டு மேல செங்கல் அடுக்குவீங்களா சார்?" என்றார்.

"அப்படி அடுக்கினவனை வேலையை விட்டே துரத்தியிருக்கேன்" என்றேன்.

"சரி. சிமெண்ட்டை அளவுக்கு மேல கொட்டினா?"

"வெடிப்பு விழும்" என்றேன். என் வாயாலேயே சொன்னேன் மாப்பிள்ளை. சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. முப்பத்தொரு வருடத்தில் ஒப்பந்தக்காரர், பொறியாளர், மேலதிகாரி யாரும் அடைக்காத வாயை அந்தப் பெண் இரண்டு கேள்வியில் அடைத்துவிட்டார். பக்கத்தில் நின்ற உங்கள் மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பு இன்னும் நிற்கவில்லை. நேற்று பாத்திரம் கழுவும்போதுகூடச் சிரித்தாள்.

இப்போது உங்கள் முக்கியக் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். நாற்பத்து நாலு கிலோ என்று உங்களுக்குச் சொன்னது நான்தான். ஆனால் ஆஸ்பத்திரி எடைமேடையில் அவன் முப்பத்தெட்டுதான். ஆறு கிலோ எங்கே போனது என்று நானும் மண்டையைக் குடைந்துகொண்டேன். அவன் தனியாக எடைக்கருவியில் நிற்க மாட்டான். அதனால் திங்கட்கிழமைதோறும் அவனைத் தூக்கிக்கொண்டு நான் ஏறி நிற்பேன், வருகிற எடையிலிருந்து என் எடையைக் கழிப்பேன். என் எடை எழுபத்திரண்டு. ஓய்வு பெற்ற அன்று மருத்துவர் கையெழுத்திட்டுக் கொடுத்த சான்றிதழில் இருக்கிறது. சான்றிதழ் இருக்கும்போது மறுபடி எதற்கு நிறுத்துப் பார்ப்பது? இப்போது பார்த்தால் எழுபத்தெட்டு. முட்டை ஓடு வேண்டுமென்றால் முட்டையை யாராவது சாப்பிட்டாக வேண்டும் அல்லவா? லாரிமீது நீங்கள் சுமத்திய எடையில் ஆறு கிலோ என்னுடையது. அந்தக் குழந்தையிடம் நீங்கள் மன்னிப்புக் கேட்பதுதான் முறை. அவனுக்கு உண்மையிலேயே மூன்று கிலோ குறைய வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னது வேறு விஷயம்.

முட்டை ஓட்டை நிறுத்திவிட்டேன். பால், மாத்திரை, பன் எல்லாம் நின்றுவிட்டன. தையல்காரரின் ஜன்னலுக்குக் கம்பி வலை போட்டாயிற்று, இப்போது அவர் என்னிடம் பேசுவதில்லை. தீனியை மூன்று வேளையும் நானே கிராம் கணக்கில் நிறுத்துப் போடுகிறேன், உங்கள் மாமியாரையும் வற்புறுத்திக் கையெழுத்துப் போட வைக்கிறேன். இதெல்லாம் டாக்டரம்மா சொல்லித்தான் செய்கிறேன், உங்கள் பட்டியலுக்காக அல்ல. அவர் எழுதிக் கொடுத்தது உங்கள் பட்டியலோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போவதற்கு நான் பொறுப்பாக முடியாது. இந்த வீட்டில் அவனுக்கு அளவான சாப்பாடு கிடைக்கிறது. கால் சாய்வும் போய்விட்டது. நேற்று கேட்டிலிருந்து கிணற்றடிவரை ஓட்டமாக ஓடினான். இதை நானே பார்த்து, சோதித்து, சான்று அளிக்கிறேன். எனவே ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சிரமப்பட்டு வர வேண்டிய அவசியம் சிறிதும் இல்லை. வந்தாலும் கேட்டைத் திறக்க மாட்டேன்.

உங்களுக்கும் என் மகளுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் வராமல், எடுத்த காரியமெல்லாம் நல்லபடியாக முடிந்து, நீண்ட காலம் ஒற்றுமையாக வாழ வேண்டும் என்று வாழ்த்துகிறேன். உங்கள் மாமியாரும் வாழ்த்துகிறாள், சிரித்துக்கொண்டே.

இப்படிக்கு,
எதற்கும் அசையாத உங்கள் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது லாரி வாசல் படிகளுக்குக் கீழே உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏழு படிதான். ஏறவில்லை. நேற்று அவன் ஓடவும் இல்லை மாப்பிள்ளை. நான் எழுதிக் கொடுத்த சான்றுகளில் பொய்யானது இது ஒன்றுதான். இப்போது அவனைத் தூக்கி உள்ளே கொண்டுவந்து படுக்க வைத்துவிட்டு எழுதுகிறேன். தூக்கும்போது வலித்திருக்கிறது, ஆனாலும் என் கையை நக்கினான். ஞாயிறு காலை பத்து மணிக்கு எக்ஸ்ரே எடுக்க வேண்டுமாம். இரண்டு பேர் அசையாமல் பிடிக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். அவன் முனகினால் நான் பிடியை விட்டுவிடுவேன். நீங்கள் ஒன்பது மணிக்கே வந்துவிடுங்கள், கேட் திறந்துதான் இருக்கும். உங்கள் புது வீட்டில் படி கிடையாது என்று மகள் சொன்னாள். அவனை அங்கே கூட்டிப்போவதானால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். எத்தனை கிராம் சாப்பிட்டான் என்று மட்டும் தினமும் போன் பண்ணிச் சொல்லுங்கள், எனக்குக் காது கேட்கும்.