துருக்கியில் நான் கட்டிய கயிறு

எந்தப் படிவத்திலும் ‘அனுபவம் உண்டா?’ என்று கேட்டால் ‘உண்டு’ என்று எழுதிவிடுவது என் வியாதி. சிட்னிக்கு வந்த புதிதில் ‘உள்ளூர் அனுபவம் இல்லை’ என்று சொல்லி எத்தனையோ கம்பனிகள் என்னைத் திருப்பி அனுப்பின. அதன்பிறகு நான் ‘இல்லை’ என்று எழுதியதே கிடையாது. (ஃபோர்க்லிஃப்ட் ஓட்டத் தெரியும் என்றும் எழுதியிருக்கிறேன். அதை விடுங்கள்.)

எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாள் வந்தது. ஹோல் வாடகைக்கு எடுத்து, இருநூறு பேருக்குச் சாப்பாடு போட்டு, கேக் வெட்டுவதுதான் சிட்னியில் நாங்கள் இருக்கும் டூங்கபிப் பக்கத்து வழக்கம். அது வேண்டவே வேண்டாம் என்று என் மனைவி வதனி ஒற்றைக் காலில் நின்றாள்.

“கடற்கரையில ஒரு மேசை. நீங்களும் நானும் மட்டும் இருந்து சாப்பிடவேணும். வேற ஒண்டும் வேண்டாம்.”

அப்படித்தான் துருக்கிக் கரையோரமாக ஒரு வாரம் போகும் சின்னப் பாய்மரப் படகில் ஏறினோம். பயணிகள் ஆறு பேர், ஒரு கப்டன். ‘படகு அனுபவம்’ என்ற இடத்தில் நான் என்ன எழுதியிருப்பேன் என்று சொல்லத் தேவையில்லை. கப்டன் அதை வாசித்துவிட்டு என் கையைக் குலுக்கினார். அன்றிலிருந்து நான் அவருக்கு உதவியாளன். ‘இழு’ என்றால் இழுத்தேன், ‘விடு’ என்றால் விட்டேன்.

கல்யாண நாளன்று பின்னேரம் ஒரு குடாவில் நங்கூரம் போட்டோம். கரையில் ஒரேயொரு சாப்பாட்டுக் கடை. தண்ணீர் ஓரமாக எங்களுக்குத் தனி மேசை சொல்லிவைத்திருந்தார் கப்டன். கரைக்குப் போக இருந்தது ஒரு ரப்பர் படகு. “அதைப் பின்னால் கட்டிவிடு, உனக்குத்தான் தெரியுமே” என்று சொல்லிவிட்டு எஞ்சினைப் பார்க்கக் கீழே இறங்கினார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாய் வந்தால்தானே. கோவில் திருவிழாவுக்குக் கதிரைகளை ட்ரெயிலரில் ஏற்றிக் கட்டுகிற மாதிரி நாலு சுற்றுச் சுற்றி, இறுக்கி, ஒரு தட்டும் தட்டிவிட்டுச் சேர்ட் மாற்றப் போனேன். திரும்பி வந்தபோது வதனி கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இஞ்சாருங்கோ, அந்தச் சின்னப் படகு நீங்கள் கட்டினதோ?”

“ஓம். வடிவாக் கட்டினனான்.”

“அது போகுது.”

போய்க்கொண்டுதான் இருந்தது. காற்று அதைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டு போனது. கப்டன் மேலே வந்து கயிற்றைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். என் மானம் கப்பலேறியது. எனக்கோ நீந்தவும் தெரியாது. (பிள்ளைகளை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப்போன காலத்தில் நான் காருக்குள் நித்திரை. வதனி அந்த நேரத்தில் தானும் பழகிவிட்டாள்.)

“விடுங்கோ, நான் பிடிச்சுக்கொண்டு வாறன்” என்றவள், நான் தடுப்பதற்குள் குதித்துவிட்டாள்.

அவள் போய்ச் சேர்வதற்குள் ரப்பர் படகு மணலில் ஏறிவிட்டது. கடைக்காரர் ஓடிவந்து துவாய் கொடுத்தார். காற்று அடங்கும்வரை யாரும் திரும்ப முடியாது என்று கப்டனுக்குப் போனில் சொன்னார். பிறகு வதனியை எங்கள் மேசையில் இருத்தி, மெழுகுவர்த்தி ஏற்றிவைத்தார். மீன் வந்தது. பெரிய மீன், படகிலிருந்தே தெரிந்தது. எங்களுக்குக் கப்டன் டின் பீன்ஸ் உடைத்தார். கரைச் சாப்பாடு தவறிப்போன மற்ற நாலு பேரும் என்னை முறைத்துக்கொண்டே சாப்பிட்டார்கள்.

இரண்டு மணித்தியாலம் கழித்துக் கடைக்காரர் அவளைக் கொண்டுவந்து விட்டார்.

“கோவமோ?” என்று மெல்லக் கேட்டேன்.

“என்னத்துக்கு? இருபத்தஞ்சு வருசத்தில நான் ஆறுதலா இருந்து சாப்பிட்டது இண்டைக்குத்தான்.”



கடைக்காரர் எடுத்து அனுப்பிய படத்தை வதனி பெரிதாக்கி வரவேற்பறையில் மாட்டியிருக்கிறாள். மேசை, மீன், துவாய் போர்த்தபடி சிரிக்கும் வதனி. வீட்டுக்கு வரும் அன்ரிமார், “கல்யாண நாள் படம் எண்டுறாய், எங்க பிள்ளை, அவரைக் காணேல்ல?” என்று கேட்பார்கள். அவள் கிட்டப் போய், பின்னால் கடலில் தெரியும் வெள்ளைப் புள்ளியில் விரலை வைப்பாள்.

“இந்தா, இதுக்குள்ள இருந்து பீன்ஸ் சாப்பிடுறார்.”